தோட்டத்து மரப் பெஞ்சும் நாற்காலியும் ஆடினால் எப்படிச் சரிசெய்வது?

கேள்வி இது. தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு தோட்ட வீடு. தாத்தா காலத்தில் செய்த தேக்கு பெஞ்சு ஒன்று, கடைசல் கால் வைத்த நாற்காலி இரண்டு, மாமர ஸ்டூல் ஒன்று. வருஷக்கணக்கில் வாசலிலும் தோப்பிலும் கிடந்து இப்போது எல்லாமே ஆடுகின்றன. பெஞ்சில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஆசாரி ஒருவர் வந்து பார்த்து, நாலு மூலையிலும் எல் ஆங்கிள் என்கிற இரும்புத் தகடு அடித்துவிடலாம் என்கிறார். இடுக்கில் ஃபெவிகால் ஊற்றி இரண்டு ஆணி அடித்தால் போதாதா, இல்லை விறகுக்குப் போட்டுவிடலாமா?

விறகுக்குப் போடாதீர்கள். இரும்பு ஆணியும் அடிக்காதீர்கள், எல் ஆங்கிளும் வேண்டாம். ஆடுகிற மூட்டைக் கழற்றி, உள்ளே தேய்ந்துபோன மரத்தின் இடத்தை மரத்தாலேயே நிரப்பி, திரும்பப் பூட்ட வேண்டும். பெஞ்சும் நாற்காலிகளும் அந்த உழைப்புக்குத் தகுந்தவை. ஸ்டூல் கதை வேறு, கடைசியில் வருகிறேன்.

முதலில் ஏன் ஆடுகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். பழைய பெஞ்சுகளில் காலில் ஒரு நீள்சதுரத் துளை வெட்டி, குறுக்குச் சட்டத்தின் முனையை மெலிதாகச் செதுக்கி அதற்குள் நுழைத்திருப்பார்கள். அந்த மெலிந்த முனைதான் கழுந்து. மரம் ஈரம் குடித்தால் அகலவாக்கிலும் கனத்திலும் உப்பும், நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையவே அசையாது. தேக்கு மற்ற மரங்களோடு ஒப்பிட்டால் குறைவாக அசைகிற ஜாதி. அதுவே பச்சையிலிருந்து முழுக்க உலரும்போது வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5 சதவீதமும், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பார்த்தால் அதில் பாதியளவும் சுருங்கும்.

இப்போது மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கழுந்தின் அகலம் காலின் நீளத்தை ஒட்டி நிற்கிறது. மழை பெய்ததும் கழுந்து அந்த அகலத்தில் உப்பப் பார்க்கும். காலின் துளையோ அந்தத் திசையில் ஒரு இம்மிகூட நீளாது. போக இடமில்லாத கழுந்து தன் நாரைத் தானே நசுக்கிக்கொள்ளும். வெயில் வந்து உலரும்போது நசுங்கிய நார் பழைய அளவுக்குத் திரும்பாது, முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் சிறுத்து நிற்கும். அடுத்த மழையில் மறுபடி உப்பும், மறுபடி நசுங்கும். இப்படி வருஷாவருஷம் இடைவெளி கூடிக்கொண்டே போகும். அந்த இடைவெளியில் ஆள் உட்காரும்போதெல்லாம் கழுந்து அசைந்து தேய்கிறது. தேயத் தேயத் தண்ணீர் சுலபமாக உள்ளே இறங்குகிறது.

நம் பக்கத்து வானிலை இதற்கென்றே அமைந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஆண்டு மழை சராசரியாக 800, 900 மில்லிமீட்டருக்குள்தான். அளவு பெரிதில்லை. ஆனால் ஏப்ரல், மே வெயிலில் எலும்பாகக் காய்ந்த மரத்தின் மேல் கோடை மழை ஒன்று அடிக்கும், பிறகு தென்மேற்கு விட்டு விட்டு வரும், செப்டம்பர், அக்டோபரில் நன்றாகப் பெய்யும், வடகிழக்கும் கொஞ்சம் கொடுக்கும். நடுநடுவே வெயில். மாதக்கணக்கில் ஒரேயடியாக நனைந்திருப்பதைவிட இந்த நனைவதும் காய்வதும்தான் மூட்டுகளைத் தின்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிப் பனியும் சேர்ந்துகொள்ளும்.

மண்வெட்டிக் காம்பு ஆடினால் தண்ணீர்த் தொட்டியில் ஒரு ராத்திரி போட்டு வைக்கும் பழக்கம் நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். காலையில் காம்பு இறுகியிருக்கும், ஒரு வாரம் வெயிலில் வேலை செய்ததும் முன்பைவிட மோசமாக ஆடும். மேலே சொன்ன அதே காரணம்தான். அவசரத்துக்குச் செய்யலாம். பெஞ்சை இறுக்க அதன்மேல் தண்ணீர் ஊற்றிவைக்கச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

அடுத்து, எல் ஆங்கிள் ஏன் வேண்டாம் என்கிறேன். மூட்டுக்குள் இடைவெளி அப்படியே இருக்கிறது. ஆள் உட்காரும்போது வரும் மொத்த விசையையும் இப்போது நாலு சின்ன ஸ்க்ரூ தாங்க வேண்டும். ஆறு மாதம் தாங்கும், அப்புறம் ஸ்க்ரூ துளை பெரிதாகும். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் தண்ணீர் தேங்கும், இரும்பு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மரத்தை உள்ளிருந்து பிளக்கும். கருவேலம் போலத் துவர்ப்புச் சத்து அதிகமுள்ள மரமாக இருந்தால் இரும்பு பட்ட இடமெல்லாம் மை கொட்டினதுபோல் கருத்துவிடும். ஆணி இன்னும் மோசம். கழுந்தின் நடுவில் பாய்ந்த ஆணி, பிற்பாடு அந்த மூட்டை யாராவது ஒழுங்காகக் கழற்ற நினைத்தால் கழுந்தையே உடைத்துக்கொண்டுதான் வரும்.

இடுக்கில் ஃபெவிகால் ஊற்றுவதும் வீண். அந்த வகை வெள்ளைப் பசை மரத்தின் நாருக்குள் ஊறிப் பிடிக்கக் கூடியது. இரண்டு பரப்பும் நெருங்கி அழுந்தி நின்றால்தான் அதற்குப் பலம். ஒரு தாள் கனத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் காய்ந்து சுருங்கி வெறும் ஆடையாக நிற்கும். ஏற்கெனவே பழைய பசையும் அழுக்கும் மூடிய பரப்பில் புதுப்பசை நாரைத் தொடவே தொடாது. காய்ந்த ஃபெவிகால் மேல் புது ஃபெவிகால் ஒட்டாது என்பதைப் பல தச்சர்களே கவனிப்பதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். பொங்கல் முடிந்து பங்குனி வரைக்கும் உள்ள நாட்கள் இதற்கு நல்ல காலம். மரம் ஓரளவு உலர்ந்திருக்கும், வெயிலும் கொளுத்தாது. எப்போது செய்தாலும் முதலில் சாமானை இரண்டு வாரம் கூரைக்குக் கீழே, காற்றோட்டமான இடத்தில் வைத்து உலரவிடுங்கள். நேர் வெயிலில் போட்டு அவசரமாகக் காயவைத்தால் மேல்பரப்பு வெடிக்கும்.

உலர்ந்த பிறகு எந்த மூட்டு ஆடுகிறது என்று தேட வேண்டும். ஒருவர் பெஞ்சை மெதுவாக ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். மொத்தப் பெஞ்சே ஆடுவதுபோல் இருந்தாலும் பெரும்பாலும் மூன்று நான்கு மூட்டுகள்தான் விட்டுப்போயிருக்கும். இறுக்கமாக இருக்கிற மூட்டைத் தொடாதீர்கள். எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் பூட்டுகிறேன் என்று இறங்கினால் நன்றாக இருந்ததும் கெடும்.

கையோடு ஒரு கூரான ஸ்க்ரூ டிரைவரால் கால் அடி, துளையைச் சுற்றிய இடம், உட்காரும் பரப்பில் வரிசையாகப் போட்ட ரீப்பர்களின் முனை எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையைத் தள்ளிவிடும். புதைந்தால் அங்கே அழுகல். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலே ரொம்ப நாள் நின்றால்தான் அழுக வைக்கும் பூஞ்சை வேலை செய்யும். அதனால் தண்ணீர் தேங்குகிற இடங்களில் மட்டும் தேடினால் போதும். தேக்கிலும் கவனம் வேண்டும். வைரம் பாய்ந்த உட்பகுதிதான் பல வருஷம் மழை வெயிலைத் தாங்கும். வெளுத்த வெளிறுப் பகுதி எந்த மரத்திலும் சீக்கிரம் போய்விடும், தேக்கும் விலக்கில்லை.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு துண்டுக்கும் அதன் துளைக்கும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள். கையால் செய்த சாமானில் இரண்டு கால்கள் ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒன்றின் கழுந்து மற்றதில் உட்காராது.

பிறகு ஆணி வேட்டை. ஒரு காந்தத்தை மூட்டின் மேல் நகர்த்தினால் ஒளிந்திருக்கும் ஆணி அகப்படும். தலை தெரிந்தால் பிடுங்கலாம். தெரியாவிட்டால் மூட்டின் இடுக்கில் வெறும் ஆக்சா பிளேடை நுழைத்து ஆணியை அறுத்துவிடுங்கள். பழைய பெஞ்சுகளில் பெரும்பாலும் மூங்கில் ஆணிதான் இருக்கும். காலின் முகத்தில் சின்ன வட்டமாகவோ சதுரமாகவோ வேறு நிறத்தில் தெரியும். மறுபக்கம் வரை போயிருந்தால் அதைவிடக் கொஞ்சம் மெலிந்த இரும்புக் கம்பியை வைத்துத் தட்டினால் வெளியே வந்துவிடும். போகாவிட்டால் ட்ரில்லிங் மிஷினால் துளைத்து எடுக்க வேண்டியதுதான்.

மூட்டைப் பிரிக்கும்போது இரும்புச் சுத்தியலை எடுக்காதீர்கள். கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தியல், இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நடுவில் ஒரு கட்டையை வைத்துத் தட்டுங்கள். அதைவிட நல்ல வழி, காருக்கு டயர் மாற்றும்போது போடுகிற ஜாக்கி. இரண்டு கால்களுக்கு நடுவில் கட்டை கொடுத்து, ஜாக்கியைப் படுக்கவைத்து மெதுவாக விரித்தால் மூட்டு சத்தமில்லாமல் நழுவி வரும். நடுநடுவே நிறுத்தி, கொஞ்சம் தட்டி, மறுபடி விரிக்க வேண்டும்.

பிரியாமல் அடம்பிடித்தால் உள்ளே என்ன பசை என்று யோசிக்க வேண்டும். ஃபெவிகால் சந்தைக்கு வந்தது 1959இல். அதற்கு முன்பும், அதற்குப் பிறகு கொஞ்ச காலம் வரைக்கும், ஆசாரிகள் மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தைத்தான் சூடாக்கித் தடவினார்கள். உங்கள் தாத்தா காலத்துப் பெஞ்சில் அது இருக்க வாய்ப்பு உண்டு. வச்சிரம் சுடுதண்ணீருக்குக் கரைந்துவிடும். துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து மூட்டைச் சுற்றிக் கட்டிவைத்தால் போதும். வெள்ளைப் பசையாக இருந்தால் சூடான வினிகரை இடுக்கில் விட்டு, ஹேர் டிரையரால் சூடுகாட்டினால் இளகும். இரண்டு டியூபைக் கலந்து பூசுகிற எபாக்ஸிப் பசையாக இருந்தால் மூட்டைப் பிரிப்பது கஷ்டம். அது ஆடினால் பக்கத்து மரம் உடைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

பிரித்த பிறகு பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். உளியின் விளிம்பை நிமிர்த்தி வைத்துச் சுரண்டுங்கள். கடைசியில் 80 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு இழுப்பு. மரத்தைத் தின்றுவிடக் கூடாது, ஏற்கெனவே குறைவாகத்தான் இருக்கிறது. வினிகரோ தண்ணீரோ பட்டிருந்தால் துடைத்து இரண்டு நாள் உலரவிடுங்கள்.

இனி மொத்த வேலையிலும் முக்கியமான கட்டம், நிரப்புவது. கழுந்தை வெறுமனே துளைக்குள் நுழைத்துப் பாருங்கள். கையால் அழுத்தி, கடைசியில் ஒரு தட்டு தட்டினால் உட்கார வேண்டும். லொடலொடவென்று போனால் இழைப்புளியில் நீளமான சீவல் எடுங்கள், அதே மரத்தில், இல்லாவிட்டால் வேறு தேக்குத் துண்டில். மரக்கடையில் தேக்கு வெனீர், அதாவது தாள்போல் மெல்லிய மரத்தகடு, கேட்டாலும் கொடுப்பார்கள். அதைக் கழுந்தின் அகலமான இரண்டு முகத்திலும் ஒட்ட வேண்டும். சீவலின் நாரும் கழுந்தின் நாரும் ஒரே திசையில் ஓட வேண்டும் என்பது கட்டாயம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் சட்டம் அந்த அளவுக்கு ஒதுங்கிவிடும், அதனால் இரண்டு பக்கமும் சமமாக ஒட்டுங்கள். காய்ந்த பிறகு உளியால் சீவிச் சீவித் துளைக்குப் பொருத்துங்கள். இதில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண். மேலும் கீழுமாக உள்ள இடைவெளியை இவ்வளவு இறுக்க வேண்டியதில்லை. மழையில் உப்ப இடம் வேண்டியது அந்தத் திசையில்தான், அரை மில்லிமீட்டர் விட்டாலும் பரவாயில்லை.

கழுந்தே உடைந்திருந்தாலும் சட்டத்தைத் தூக்கிப் போட வேண்டாம். உடைந்த அடியை மட்டமாக அறுத்துவிட்டு, சட்டத்தின் முனையிலும் ஒரு துளை வெட்டி, தனியாக ஒரு கழுந்து செய்து இரண்டு பக்கமும் நுழைக்கலாம். அதன் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பக்கமும் குறைந்தது ஒரு அங்குலம் உள்ளே போக வேண்டும். இது வைரமான மரமாக இருக்கட்டும்.

கழுந்து காலைத் தாண்டி மறுபக்கம் எட்டிப் பார்க்கிற மாதிரி செய்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கழுந்தின் முனையில் ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு, பூட்டிய பிறகு அதில் ஆப்பு இறக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஆப்பு கழுந்தை மேலும் கீழுமாக, அதாவது காலின் நீளவாக்கில் விரிக்க வேண்டும். பக்கவாட்டில் விரித்தால் காலை விறகு பிளப்பதுபோல் பிளந்துவிடும்.

கடைசல் நாற்காலிகளில் கழுந்து உருண்டையாக இருக்கும். பசை பிடிக்க இடம் குறைவு, அதனால் இவைதான் எப்போதும் முதலில் ஆடும். சீவலை உருண்டையைச் சுற்றி ஒட்டலாம், ஆனால் ஒட்டி நிற்காமல் படுத்தும். எபாக்ஸியில் நனைத்த பருத்தி நூலைக் கழுந்தைச் சுற்றி நெருக்கமாகச் சுற்றி, மேலே இன்னும் கொஞ்சம் எபாக்ஸி பூசி இறக்குவது எளிய வழி. கால்களை இணைக்கிற குறுக்குக் கம்புகளின் மூட்டுக்கு இது போதும், உட்காரும் சட்டத்துக்குப் போதாது. அங்கே முனையில் வெட்டுப் போட்டு, ஒரு சின்ன ஆப்பை வெட்டில் செருகிய நிலையிலேயே துளைக்குள் இறக்குங்கள். துளையின் அடியில் ஆப்பு மோதி உள்ளேயே விரிந்துகொள்ளும். அளவு தப்பினால் பாதியில் மாட்டிக்கொண்டு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. அதனால் வேறு துண்டு மரத்தில் ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பசை? வெளியே கிடக்கிற சாமானுக்குச் சாதாரண ஃபெவிகால் வேண்டாம், ஈரத்தில் இளகிவிடும். தண்ணீர் தாங்குகிற வகை தனியாக இருக்கிறது, மெரைன் என்று கேட்டால் கொடுப்பார்கள். இறுக்கமாகப் பொருந்திய மூட்டுக்கு அது போதும். இடைவெளி கொஞ்சம் மிச்சம் இருந்தால் அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் எபாக்ஸி, அதுவும் ஐந்து நிமிஷத்தில் கெட்டிப்படுகிற வகையைவிட மெதுவாகக் காய்கிற வகை. எபாக்ஸியில் நைசான மரத்தூள் கலந்தால் இடைவெளியை நிரப்பிப் பலமாகவும் நிற்கும். வெள்ளைப் பசையில் மரத்தூள் கலந்தால் கீறல் மூடலாம், பலம் கிடையாது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன்பு தின்னரோ அசிடோனோ தொட்ட துணியால் பரப்பைத் துடைத்துவிடுங்கள். நேற்றுத் துடைத்தது இன்றைக்கு ஆகாது, எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

ஒட்டுவதைக் காலை ஏழு, எட்டு மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மத்தியான வெயிலில் வெள்ளைப் பசை சில நிமிஷத்தில் ஆடை கட்டிவிடும், பாதிப் பெஞ்சு பூட்டுவதற்குள் மீதி காய்ந்திருக்கும். பசையில்லாமல் ஒருமுறை முழுக்கப் பூட்டிப் பார்த்துவிட்டு, எது முதலில், எது பிறகு என்று தீர்மானித்து வைத்திருக்க வேண்டும்.

இறுக்கிப் பிடிக்க நீளக் கிளாம்ப் இல்லையா, கவலை வேண்டாம். கால்களைச் சுற்றி இரண்டு சுற்றுக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியை நுழைத்து முறுக்கினால் எந்தக் கிளாம்புக்கும் குறையாத இறுக்கம் கிடைக்கும். கயிறு பதியும் இடத்தில் அட்டையோ துணியோ வையுங்கள். நாற்காலிக்குப் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இழுத்துச் சுற்றலாம். இறுக்கிய உடனே மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால் கோணல் இல்லை. பின்பக்கம் குறுகிய நாற்காலிக்கும் இந்தக் கணக்குச் சரியாக வரும். சமமில்லாவிட்டால் நீளமான குறுக்கில் இன்னொரு கயிறு போட்டு முறுக்கி இழுங்கள். டைல்ஸ் தரை மாதிரி மட்டமான இடத்தில் நிறுத்தியே காயவிட வேண்டும். வழிந்த பசையை அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிடலாம், எபாக்ஸியாக இருந்தால் தின்னர் தொட்ட துணி. ஒரு நாள் முழுக்க யாரும் உட்காரக் கூடாது.

இதற்கு மேல் நான் கட்டாயம் சேர்க்கச் சொல்வது மூங்கில் ஆணி. வெயில் மழையில் எந்தப் பசையும் ஒருநாள் சோர்ந்துபோகும், ஆணி இருந்தால் மூட்டு பிரியாது. ஆனால் நேராகத் துளை போட்டு அடித்தால் பாதிப் பலன்தான். பசை தடவுவதற்கு முன், கழுந்து இல்லாமல் காலில் மட்டும் முதலில் துளையிடுங்கள், 6 மில்லிமீட்டர் போதும். கழுந்தை உள்ளே இறக்கி, துளை வழியாக ட்ரில் முனையால் அதன் மேல் புள்ளி வைத்து வெளியே எடுங்கள். அந்தப் புள்ளியில் துளை போடாமல், சட்டத்தின் உடல் இருக்கிற பக்கமாக ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போடுங்கள். பூட்டி ஆணியை அடிக்கும்போது இரண்டு துளையும் ஒன்றாக வரப் பார்க்கும், அந்த இழுப்பில் சட்டம் காலோடு வந்து ஒட்டும். கிளாம்பே தேவைப்படாத அளவுக்கு இறுக்கும். பழைய ஆணித் துளை கழுந்தில் இருந்தால் அதை முதலில் ஒரு குச்சியைப் பசை வைத்து அடைத்துவிட வேண்டும். மூங்கில் முற்றியதாக, நன்றாகக் காய்ந்ததாக, தோல் பக்கத்து கெட்டிப் பகுதியாக இருக்கட்டும். முனையைக் கொஞ்சம் கூராக்கி, மறுபக்கம் வெளியே வரும்வரை அடித்து, பிறகு மட்டமாக அறுத்துவிடுங்கள்.

கால் அடி அழுகியிருந்தால் ஒட்டுப்போட்டு நீட்டுவது சிரமமான வேலை. ஓரிரு அங்குலம்தான் போயிருக்கிறதென்றால் நாலு காலையும் சமமாக அறுத்துவிட்டு, அடியில் கல் வையுங்கள். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறைகளில் வெட்டித் தள்ளிய துண்டுகள் குவிந்து கிடக்கும். சொரசொரப்பான பக்கம் மேலே வரட்டும், கால் வழுக்காது. மண்ணிலிருந்து ஈரம் ஏறாது, கரையான் வந்தாலும் கல்லின் மேல் மண்பாதை போட்டுத்தான் ஏற வேண்டும், கண்ணில் பட்டுவிடும். அறுத்த முனை வழியாகத்தான் மரம் தண்ணீரை வேகமாக உறிஞ்சும், அதனால் கால் அடியில் எபாக்ஸியைத் தேய்த்து ஊறவிட்டு அடைத்துவிடுங்கள்.

தண்ணீர் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். ரீப்பர்களுக்கு நடுவில் 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இலையும் மாம்பூவும் அடைத்துக்கொண்டால் அங்கே ஈரம் தங்கும். ரீப்பரைத் திரும்பப் பிடிக்க ஸ்க்ரூ போட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ பித்தளையோ போடுங்கள், முதலில் மெல்லிய துளை போட்டு. மழைக்காலத்தில் தார்ப்பாயால் தரைவரை இறுக்கி மூடி வைக்காதீர்கள். அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே வேகும். மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிட்டால் சரி.

மேல்பூச்சைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கறாரான கருத்து உண்டு. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ் வீட்டுக்குள் அழகு. வெளியே ஒரு மழைக்கு வெளுத்துவிடும். பளபள பியூ (பாலியூரித்தேன்) பூச்சு முதல் இரண்டு வருஷம் நன்றாக இருக்கும், பிறகு எங்காவது ஒரு இடத்தில் விரிசல் விழுந்து தண்ணீர் உள்ளே போய், செதில் செதிலாக உரியும். உரிந்ததை முழுக்கத் தேய்த்து எடுக்காமல் மறுபடி அடிக்க முடியாது. தேக்குக்கு ஆளிவிதை எண்ணெய் போதும், காய்ச்சிய வகை. மெலிதாகத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை மழைக்கு முன் தேய்த்தால் போதும். ஒட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் எண்ணெய், முன்னால் தடவினால் பசை பிடிக்காது. ஒரு முக்கியமான விஷயம்: துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், சுருண்ட துணி தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கிவிடுங்கள். ஒன்றுமே பூசாமல் விட்டாலும் தேக்கு சாம்பல் நிறமாக மாறும், அவ்வளவுதான். பழைய இன்ஜின் ஆயில் பூசுவதை வேலிக் கம்பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வேட்டியோடு உட்காருகிற சாமானுக்கு அது வேண்டாம்.

இப்போது மாமர ஸ்டூல். மாமரம் விலை குறைவு, நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் வெளியே போட ஏற்றதில்லை, உளுப்பதும் அழுகுவதும் சீக்கிரம். தட்டினால் மெல்லிய மாவு கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது. துளையில் மண்ணெண்ணெய் விட்டால் இருப்பது சாகும், ஆனால் அது ஆவியான பிறகு காவல் எதுவும் இல்லை. ஸ்க்ரூ டிரைவர் சுலபமாகப் புதைந்தால் அதன்மேல் நேரம் செலவழிக்க வேண்டாம். கெட்டியாக இருந்தால் முதலில் இதைத்தான் பிரித்துப் பூட்டுங்கள், கை பழகும், கெட்டாலும் நஷ்டம் இல்லை. பூட்டிய பிறகு நல்ல எனாமல் பெயிண்ட் இரண்டு கோட் அடித்து வராந்தாவுக்குள் வைத்துவிடுங்கள். இந்த மாதிரி மரத்துக்கு நிறமில்லாத பூச்சைவிட பெயிண்ட்தான் வெயிலைத் தடுக்கும்.

இவ்வளவும் உங்களால் முடியாது, ஆசாரியிடமே கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: ஆடுகிற மூட்டை மட்டும் பிரிக்க வேண்டும், இரும்பு ஆணி கூடாது, கழுந்துக்குச் சீவல் ஒட்டி மூங்கில் ஆணி போட வேண்டும், தண்ணீர் தாங்கும் பசையை நீங்களே வாங்கித் தருகிறீர்கள். கூலியை நாள் கணக்கில் பேசுங்கள். மொத்தமாகப் பேசினால் சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பார்கள், அப்போது கைக்கு முதலில் வருவது எல் ஆங்கிள்தான். வயதான ஆசாரி யாராவது ஊரில் இருந்தால் அவரைத் தேடிப் பாருங்கள். மூங்கில் ஆணி என்றதுமே அவர் மேற்கொண்டு விளக்கம் கேட்க மாட்டார்.